ஆராய்ச்சி வாங்கவிருந்த கேமரா

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சான்றிதழ்களில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவன் ஆராய்ச்சிதான். ஒரு குடை வாங்க இரண்டு மாதம் அலசினான். எந்தக் கம்பி துருப்பிடிக்காது, எந்தத் துணி எத்தனை மழை தாங்கும் என்று கரைத்துக் குடித்துவிட்டு, உலகத்தரமான குடையோடு அவன் வீட்டுக்கு வந்த அன்று மழைக்காலம் முடிந்திருந்தது. அந்தப் பெயரை வைத்தவள் அம்மாவோடு வேலை பார்த்த பெரியம்மா. அவள் கேலியாக வைத்தாள், அவன் பட்டமாக வாங்கிக்கொண்டான்.

பெரியம்மா ரத்த உறவு இல்லை. படுக்கை விரிப்பு உறவு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளும் அம்மாவும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இருபத்தாறு வருடம் ஒரே விரிப்பின் நான்கு முனைகளை ஆளுக்கு இரண்டாகப் பிடித்து மடித்தவர்கள். அந்த வேலைக்கு ஒரு தாளம் உண்டு. இருவரும் எதிரெதிரே நின்று விரிப்பை இழுத்து ஓர் உதறு உதற வேண்டும். பிறகு கிட்டே வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒருத்தி மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும், மறுபடி கிட்டே வர வேண்டும். பேச்சும் அதே தாளத்தில்தான் நடக்கும். தூரத்தில் நிற்கும்போது ஊர்வம்பு, கிட்டே வரும்போது ரகசியம். ஆராய்ச்சிக்கு வேலை கிடைத்தது, வேலை போனது, ஒரு பெண் அவனை வேண்டாம் என்றது எல்லாம் பெரியம்மாவுக்குக் கிட்டே வந்த நேரங்களில் தெரிந்தவை. அம்மாவின் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது அப்பாவுக்கு முன்னால் பெரியம்மாவுக்குத் தெரியும். அப்பா சரக்கு லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் சாலையில்தான்.

இப்போது ஆராய்ச்சியின் வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைப்பான். வருகிறவர்களின் ஒரு கண்ணைக் கறுப்புக் கரண்டியால் மறைத்து, கடைசி வரியைப் படிக்கச் சொல்வான். அவனிடம் நிரந்தரமாக ஒரு நகைச்சுவை இருந்தது. ஒரு வாடிக்கையாளர் புதுக் கண்ணாடியை மூன்று நாள் போட்டுவிட்டு, பார்வையே தெரியவில்லை என்று கடைக்கு வந்து கத்தினாராம். பார்த்தால் லென்ஸின் மேல் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கரை அவர் உரிக்கவே இல்லையாம். இதை அவன் எந்தக் கூட்டத்திலும் சொல்வான். சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பான்.

அப்படிப்பட்டவன் ஒரு வருடமாக ஒரு கேமராவை வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமரா. சாதாரண ஃபிலிமில் ஒரு படம் தபால்தலை அளவுதான் விழும். இதில் உள்ளங்கையில் பாதி அளவுக்குச் சதுரமாக விழும், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். இந்த வகைக் கேமராக்கள் பெரும்பாலும் செங்கல் மாதிரி கனக்கும். அவன் கண் வைத்தது கையடக்கமானது. லென்ஸை உள்ளே தள்ளினால் தட்டையாகிவிடும், கோட்டுப் பைக்குள் போய்விடும். அவனிடம் கோட்டு இல்லை. அது அடுத்த ஆராய்ச்சி.

முப்பத்தொரு பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்றைத் தயாரித்தான். எடை, லென்ஸ், ஷட்டர் சத்தம், எந்த வருடத்துத் தயாரிப்பில் என்ன கோளாறு என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டான். சாப்பிடும்போது அம்மாவுக்கு அதை விளக்கினான். அம்மா தட்டைக் கழுவப் போன பிறகு சுவருக்கு விளக்கினான். லாரியிலிருந்து ஒருமுறை வீட்டுக்கு வந்த அப்பா அரைமணி நேரம் கேட்டுவிட்டு, "வாங்குறதுன்னா வாங்கு, இல்லன்னா வாய மூடு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். ஆராய்ச்சி இரண்டையும் செய்யவில்லை. கேமராவின் விலை அவனுக்கு இரண்டு மாதச் சம்பளம் என்பது ஒரு காரணம். வாங்கிவிட்டால் ஆராய்ச்சி முடிந்துவிடும் என்பது இன்னொன்று.

கேமரா இருந்தது ஒரு கடிகாரம் பழுது பார்க்கும் கடையில். கடையை நடத்துபவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கண்ணில் எப்போதும் உருப்பெருக்கியைச் செருகியபடியே இருப்பாள், பேசும்போதும் எடுப்பதில்லை. அவளிடமே அந்தக் கேமராவைப் பற்றி நாற்பது நிமிடம் அவன் பாடம் எடுத்தான். இந்த மாடலில், ஒளியை உள்ளே விடும் ஷட்டர் திறக்காமலே சத்தம் மட்டும் வருகிற வியாதி இருப்பதாகப் படித்திருக்கிறேன் என்றான். அவள் ஒரு கடிகாரத்தின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், ஒரு வாரம் கொண்டுபோய் ஒரு ரோல் எடுத்துப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்று சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "லென்ஸ்தான் இதுக்கு உசுரு. அதுல கீறல் விழுந்தா கேமரா உங்களது."

அந்த வாரக் கடைசியில்தான் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். பெரியம்மா மறுநாள் காலை விமானத்தில் மகள் இருக்கும் நாட்டுக்குப் போகிறாள். திரும்பி வருவதாகப் பேச்சு இல்லை. இருபத்தாறு வருடத்தில் இருவரும் சேர்ந்து நிற்கிற ஒரு படம்கூட இல்லை. ஆஸ்பத்திரி என்பதால் சலவைப் பிரிவுக்குள் படம் எடுக்க அனுமதி கிடையாது. வெளியே சேர்ந்து போக இருவருக்கும் நேரம் கிடையாது. கடைசி நாள் என்பதால் மேற்பார்வையாளர் இருபது நிமிடம் அனுமதி வாங்கித் தந்திருந்தார். அம்மா வாழ்க்கையில் மகனிடம் கேட்டவை குறைவு. கேட்டவற்றில் அவன் செய்தவை அதைவிடக் குறைவு. "ரெண்டு பேரும் மடிக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுடா. அவ போயிட்டா எனக்குப் பாக்கறதுக்கு வேணும்" என்றாள்.

அவன் நான்கு நாள் ஒத்திகை பார்த்தான். ஃபிலிம் போடாமல், கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸை வெளியே இழுப்பது, தூரத்தைச் சரிசெய்வது, பட்டனை அழுத்துவது, அடுத்த படத்துக்குச் சுற்றுவது என்று நூறு முறை, இருநூறு முறை செய்தான். கை அப்படியே படிந்துவிட்டது. லென்ஸில் கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று ஒத்திகை முழுவதும் அதன் கறுப்பு மூடியைக் கழற்றவில்லை. இந்தக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் ஓட்டை தனியாக மேல் மூலையில் இருக்கிறது. லென்ஸ் மூடியிருந்தாலும் உலகம் அதில் பளிச்சென்று தெரியும். ஆகவே கை படிந்தது மூடியோடு சேர்த்து.

சலவைப் பிரிவு ஆஸ்பத்திரியின் பின்புறத்தில், பாதி தரைக்குக் கீழே. ஆள் உயரத் துவைக்கும் எந்திரங்கள் ஒரு வரிசை, உலர்த்தும் எந்திரங்கள் எதிர் வரிசை. நடுவில் நீள மேசை. வெளியேற்றும் மின்விசிறியின் இரைச்சலில் எல்லோரும் கொஞ்சம் சத்தமாகவே பேசுவார்கள், வீட்டிலும் அப்படியே பேசுவார்கள். அம்மாவும் பெரியம்மாவும் அன்று நல்ல உடை உடுத்தி, அதன் மேல் பழைய நீல அங்கியை மாட்டியிருந்தார்கள். பெரியம்மா உதட்டுக்குச் சாயம் போட்டிருந்தாள். அது அவளுக்கே புதிது, வாயை மூடாமலே வைத்திருந்தாள்.

உள்ளே வந்ததும் ஆராய்ச்சி பிறப்பித்த முதல் உத்தரவு, யாரும் செல்போனில் படம் எடுக்கக் கூடாது என்பது. மேற்பார்வையாளர் ஏற்கெனவே தன் போனை நீட்டியிருந்தார். இந்தத் தருணத்தைப் போனில் எடுப்பது இதைக் கொச்சைப்படுத்துவது என்று அவன் சொன்னான். ஃபிலிமில் விழுந்தது நூறு வருடம் இருக்கும், போனில் விழுந்தது போன் தண்ணீரில் விழும்வரைதான் என்றான். வேடிக்கை பார்க்கச் சுற்றி நின்ற சலவைப் பிரிவினர் எட்டுப் பேரின் போன்களும் ஓர் அழுக்குத் துணி வண்டிக்குள் போயின. வெளிச்சத்தை அளக்க அவனுடைய போன் மட்டும் தேவைப்பட்டது. அதை அவன் கொச்சை என்று சொல்லவில்லை.

கேமராவை முக்காலியில் பொருத்தினான். வெளிச்சம் குறைவு, அரை நொடி யாரும் அசையக் கூடாது. அம்மாவும் பெரியம்மாவும் விரிப்பைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றார்கள். இருபத்தாறு வருடத்தில் விரிப்பைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பேசாமல் நின்றது அதுவே முதல் தடவை. மூன்றாவது படத்தின்போது பெரியம்மா கேமராவைக் கூர்ந்து பார்த்தாள்.

"ஆராய்ச்சி, அது முன்னாடி கறுப்பா என்னமோ..."

"பெரியம்மா, பேசினா முகம் கலங்கிடும். அசையாதீங்க."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணால் ஏதோ சொன்னாள். பெரியம்மா சும்மா இருந்தாள். அவன் பன்னிரண்டு படத்தையும் எடுத்து முடித்தான். இருபது நிமிடம் முடிந்தது. எட்டுப் பேரும் வண்டிக்குள் கைவிட்டுத் துழாவித் தங்கள் தங்கள் போனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

ஃபிலிமைக் கழுவக் கொடுத்த இடத்திலிருந்து மூன்றாம் நாள் அழைப்பு வந்தது. அப்போது அவன் ஒருவரின் இடது கண்ணைக் கரண்டியால் மறைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, உங்க ரோலு. எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார் லேப்காரர்.

அவன் நன்றி சொன்னான். லென்ஸ் அப்படி என்றான். அட்டவணையில் அதற்குப் பத்துக்கு ஒன்பதரை போட்டிருப்பதாகவும் சொன்னான். லேப்காரர், கண்ணாடி மாதிரி என்றால் அந்தப் பக்கம் தெரிகிறது என்று அர்த்தம் என்றார். பன்னிரண்டு படமும் வெறும் ஃபிலிம். ஒரு நிழல்கூட விழவில்லை. ஓரத்தில் கம்பெனி அச்சிட்ட எண்கள் மட்டும் சுத்தமாக வந்திருக்கின்றன, ஆகவே கழுவியதில் தப்பில்லை. நாற்காலியில் ஒரு கண் மறைக்கப்பட்டவர், கடைசி வரியைப் படிக்கட்டுமா என்று இரண்டு முறை கேட்டார்.

ஆராய்ச்சியின் மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்தது. ஃபிலிம் சரி, கழுவியது சரி என்றால் தப்பு கேமராவில். ஷட்டர் திறக்கவில்லை. அவன்தான் முன்பே சொன்னானே. இன்னொரு சாத்தியம் இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை, அட்டவணையில் அதற்குப் பத்தி இல்லை. பழைய கேமரா விரும்பிகள் நாலாயிரம் பேர் இருக்கும் இணையக் குழுவில் அன்று மாலையே "எச்சரிக்கை" என்ற தலைப்பில் எழுதினான். கடை இருக்கும் தெருவை எழுதினான், கடையை எழுதினான், உருப்பெருக்கியையும் எழுதினான். பழுதான பொருளை நல்லது என்று தலையில் கட்டுகிறவர்களை என்ன செய்யலாம் என்று முடித்தான். முந்நூறு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். என்ன செய்யலாம் என்பதற்குச் சிலர் யோசனைகளும் சொல்லியிருந்தார்கள்.

அம்மாவிடம் அவன் சொன்னபோது அவள் துவைத்த துணியைத் தனியாக மடித்துக்கொண்டிருந்தாள். விரிப்பின் ஒரு முனையைக் கதவு இடுக்கில் செருகியிருந்தாள்.

"ஒண்ணு கூடவா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருந்தால் அவனும் எதையாவது பேசியிருப்பான். அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றது அவனுக்குத் தாங்கவில்லை. அந்தக் கடைக்காரி ஏமாற்றிவிட்டாள் என்றான். தெரிந்தே பழுதான கேமராவைக் கொடுத்துவிட்டாள் என்றான். தெரிந்தே என்ற வார்த்தை அப்போதுதான் அவன் வாயில் முளைத்தது. அம்மா விரிப்பைக் கதவிலிருந்து உருவினாள். இருபத்தாறு வருடம் எந்திரங்களோடு போட்டி போட்ட குரலில், "கெளம்பு" என்றாள்.

அந்தக் கடையில் அறுபது கடிகாரங்களாவது இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டியது. எல்லாவற்றிலுமே அவனுக்கு அது கெட்ட நேரம். அம்மா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். என் பிள்ளை ஒரு வருடம் படித்துவிட்டு உன் கடைக்கு வந்தான், போன உயிரைக்கூடக் கெஞ்சிக் கூட்டிவரலாம், போன நாளைக் கூட்டிவர முடியுமா என்று கேட்டாள். என் கூட இருந்தவள் கடல் தாண்டிப் போய்விட்டாள் என்றபோது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. கடைக்காரி எல்லாவற்றையும் உருப்பெருக்கியோடு கேட்டாள். அவளும் அந்த எச்சரிக்கையைப் படித்திருந்தாள். நேற்றிலிருந்து நான்கு பேர் பழுதுக்குக் கொடுத்த கடிகாரங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதைக் கோபமில்லாமல்தான் சொன்னாள்.

கேமராவை வாங்கி மூடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். பின்புறத்தைத் திறந்து விளக்குக்கு நேரே பிடித்துப் பட்டனை அழுத்தினாள். நடுவில் சின்னதாக ஒரு வெளிச்ச வட்டம் திறந்து மூடியது. பத்து முறை அழுத்தினாள், பத்து முறையும் திறந்தது. சும்மா அழுத்தும்போது திறக்கும், படம் எடுக்கும்போதுதான் மக்கர் செய்யும் என்று ஆராய்ச்சி விளக்கினான். அவள் பின்புறத்தை மூடி, லென்ஸுக்கு மூடியையும் போட்டு, கேமராவை அவனிடம் நீட்டினாள்.

"அன்னைக்கு எப்படி எடுத்தீங்களோ, அப்படியே எடுங்க. பாக்கறேன்."

அவன் எடுத்தான். போனை நீட்டி வெளிச்சத்தை அளந்தான். லென்ஸை இழுத்துப் பூட்டினான். தூரத்தைச் சரிசெய்தான். அசையாதீங்க என்றான். அழுத்தினான். கை அப்படியே படிந்திருந்தது.

"இன்னொண்ணு எடுங்க" என்றாள் கடைக்காரி.

இன்னொன்றும் எடுத்தான். அவள் முதல் முறையாக உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் ஒரு துணியை எடுத்துத் துடைக்க வேண்டியதே இல்லாத ஒரு கடிகாரத்தைத் துடைத்தாள். அவள் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்தது மரியாதை என்று அவனுக்குப் பிறகுதான் புரிந்தது. சொன்னது அம்மா. அவள் சண்டைக்கு வந்தவள், சாட்சி சொல்ல வந்தவள் இல்லை. மனதில் பட்டதைக் கேட்டாள்.

"ஏம்மா, நீ அந்தக் கறுப்பு மூடியக் கழட்டி வெச்சுட்டுத்தானே பாத்தே? அன்னைக்கும் அது இருந்துச்சே. அதக் கழட்டணுமா?"

அறுபது கடிகாரங்களும் ஓடுவது கேட்டது.

ஆராய்ச்சி தன் கையைப் பார்த்தான். மூடி இருந்தது. தட்டையாக, கறுப்பாக, ஒரு கீறல்கூட விழாமல். ஸ்டிக்கரை உரிக்காமல் மூன்று நாள் கண்ணாடி போட்டவர் இப்போது எங்கே இருப்பார் என்று ஏனோ நினைத்தான். அவரைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம் என்று எண்ணிப் பார்க்க முயன்றான். காது மடல் சுட்டது, கழுத்து சுட்டது. உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது, அங்கே உட்கார இடம் இல்லை.

அம்மாவுக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை, கடைக்காரிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். "அவன் ஒரு வருஷமா படிச்சவன். எங்களுக்கு என்ன தெரியும்? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டா நமக்கு வெளிய தெரியுதில்ல, அந்த மாதிரி ஏதோன்னு நெனச்சேன். அவகூடக் கேக்க வந்தா. நான்தான் கண்ண காட்டி, சும்மா இரு, அவனுக்குத் தெரியும்னேன்."

சொல்லி முடிக்கும்போது மகனின் முகத்தைப் பார்த்தாள். அங்கே மிச்சத்தையும் படித்துவிட்டாள். கடைக்காரியின் பக்கம் திரும்பி, குரலை எந்திரம் நின்றுபோன மாதிரி தணித்து, "மன்னிச்சுக்கம்மா. தெரியாமப் பேசிட்டேன்" என்றாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் வாயைத் திறந்தான். ஒரு வருடமாக ஓயாத வாய் அது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

கடைக்காரி கத்தவில்லை. கேமரா வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பது உங்கள் இஷ்டம், ஆனால் கெட்டுப்போனது என்று எழுதியதை நீங்களே மாற்றி எழுத வேண்டும் என்றாள். வெறும் வார்த்தையை இனி யாரும் நம்ப மாட்டார்கள், கேமரா நன்றாக இருப்பதற்கு ஒரு படம் வேண்டும் என்றாள். இழுப்பறையிலிருந்து ஒரு ரோலை எடுத்துப் போட்டாள். "ரெண்டு பேரும் அந்தச் சுவத்துக்கிட்ட போய் நில்லுங்க" என்றாள். மூடியைக் கழற்றி, அவன் பார்க்கும்படியாக, மேசையின் நடுவில் வைத்தாள். அசையாதீங்க என்று சொல்லவில்லை. அவன் அசையும் நிலையில் இல்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நெடுநேரம் கழித்து, "அவகிட்ட கேமரா கெட்டுப் போச்சுன்னே இருக்கட்டும். நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

கடையில் நடந்ததைவிட அதுதான் அவனை அதிகம் சுட்டது. இருபத்தாறு வருடத்தில் அம்மா பெரியம்மாவிடம் பொய் சொன்னதாக அவனுக்கு நினைவில்லை. முதல் பொய்யை அவனுக்காகச் செலவழிக்கத் தயாராக இருந்தாள். வீட்டுப் படி ஏறும்போதே அவன் பெரியம்மாவைப் போனில் கூப்பிட்டான். அந்த நாட்டில் அப்போது காலை நேரம். மூடியைக் கழற்றாமல் எடுத்துவிட்டேன், ஒரு படமும் இல்லை, எல்லாரையும் போனை உள்ளே வைக்கச் சொன்னதும் நான்தான் என்று ஒரே மூச்சில் சொன்னான்.



"சொல்ல வந்தேன்டா. முகம் கலங்கிடும்னுட்டே" என்றாள் பெரியம்மா. பிறகு, "உதட்டுச் சாயமெல்லாம் போட்டுக்கிட்டு நின்னேன். சரி, அம்மாகிட்ட குடு" என்றாள்.

அம்மா போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கதவு வழியாக முதலில் சிரிப்பு கேட்டது. இருவரும் அவனைப் பற்றித்தான் சிரித்தார்கள், அது பரவாயில்லை. பிறகு சிரிப்பு நின்றது. பேச்சும் சத்தமாக இல்லை. கிட்டே வந்திருக்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டு கதவை விட்டுத் தள்ளிப் போனான்.

குழுவுக்கு எழுத வேண்டியதை எழுதுவதற்கு அவனுக்கு மூன்று நாள் ஆயிற்று. முதல் வரைவு "எதிர்பாராத தொழில்நுட்பச் சூழலில்" என்று தொடங்கியது. இரண்டாவதில் "மூடி அகற்றப்படாத நிலை ஏற்பட்டதால்" என்று ஒரு வரி இருந்தது. அம்மா தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "யாரு அகற்றல?" என்று மட்டும் கேட்டாள். கடைசியில் போனது நான்கு வரிதான். லென்ஸ் மூடியைக் கழற்றாமல் பன்னிரண்டு படமும் எடுத்தவன் நான். கேமரா நன்றாக இருக்கிறது. அந்தக் கடைக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை. நான் எழுதியது தவறு, அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அதோடு கடைக்காரி அனுப்பியிருந்த படத்தையும் சேர்த்தான். அவள் அனுப்பியபோது ஒன்றும் எழுதவில்லை, படத்தை மட்டும் அனுப்பியிருந்தாள்.

அந்தக் கேமராவைப் பற்றி அவன் ஒரு வருடமாகப் படித்தது அத்தனையும் உண்மை. சுவரின் காரை உரிசல் தெரிந்தது. அம்மாவின் காதோரத்து நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அவன் முகத்தின் ஒவ்வொரு மயிர்க்காலும் தெரிந்தது, ஒவ்வொன்றும் கூனிக் குறுகியிருந்தது. அசடு வழிவது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அது எந்த வழியாக வழிகிறது என்பது வரைக்கும் அந்த லென்ஸ் பிடித்திருந்தது.

நாலாயிரம் பேர் பார்த்தார்கள். மூடியைப் பற்றி மூன்று பேர்தான் சிரித்தார்கள். மற்றவர்கள் லென்ஸைப் புகழ்ந்தார்கள். இவ்வளவு துல்லியமா என்று ஒருவர் வியந்தார். இடது பக்கம் நிற்பவரின் முகபாவம் அபாரம், மாடலா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். முந்நூறு பேர் பழைய கட்டைவிரலைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எச்சரிக்கையை அவன் அழித்த பிறகுதான் அவை போயின.

மறுநாள் கடைக்குப் போனான். போகும் வழியிலேயே முடிவு செய்துவிட்டான், ஒரு வருடத்தில் முதல் தடவையாக அட்டவணையைத் திறக்காமல். கேமரா நல்ல கேமரா. எத்தனை மாதச் சம்பளமானாலும் தகும். கடைக்காரி நிமிராமலே, அது நேற்றே போய்விட்டது என்றாள். அவன் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் வந்தாராம். இருபது நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். பத்திரமாக இருந்த லென்ஸ் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்றாராம். ஆராய்ச்சி அப்போதுதான், நேருக்கு நேர், ஒரே ஒரு வார்த்தையில், அவளிடம் மன்னிப்புக் கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். நான்கு கடிகாரங்களில் மூன்று திரும்பி வந்துவிட்டன என்றாள்.

அவளிடம் கேட்டு அந்தப் படத்தின் காகிதப் பிரதி ஒன்றை வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தான். அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். படத்தில் இருவருக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தது. கிட்டே நில்லுங்கள் என்று கடைக்காரி சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. அம்மா நகரவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் இடுப்பு உயரத்தில், விரல்கள் கொஞ்சம் மடங்கி, எதையோ பிடிக்கத் தயாராக இருப்பது போல் நீண்டிருந்தன. எதிர்ப்பக்கத்தில் அவன். ஒரு கையைப் பையில் விட்டிருந்தான், இன்னொன்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் விட்டிருந்தான்.

"அவ நிக்கற எடத்துல போய் நின்னிருக்க" என்றாள் அம்மா. "கைய எங்க வெக்கணும்னுகூடத் தெரியல ஒனக்கு."